‘ஜிம்முக்குப் போங்க’ என்ற அறிவுரையின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. விபத்திலோ வன்முறையிலோ சிக்கி மனம் நொறுங்கியவர்களுக்கு மருந்து, மனநல ஆலோசனை என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ‘உடற்பயிற்சி செய்யுங்கள், ஜிம்முக்குப் போங்கள்’ என்று முடிப்பார்கள். அறிவுரை சரிதான். ஆனால் அதை நம்பி முதல் நாள் ஜிம்முக்குள் வரும் ஒரு பெண்ணின் பின்னால், முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று கேட்காமலே இடுப்பைப் பிடித்து நிமிர்த்தினால், அவர் மறுநாள் வரமாட்டார். ‘இதுவும் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். உடற்பயிற்சி மருந்து என்றால் அதைக் கொடுக்கிற கையும் குரலும் இடமும் அந்த மருந்தில் சேர்த்திதான். அறிவுரையின் அந்த மறுபாதியைப் பற்றி, பயிற்சியாளர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களுமான நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். ஜிம் நடத்துபவர்களும், ‘மாஸ்டர்’ என்று அழைக்கப்படும் பயிற்சியாளர்களும், போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று ஜிம் உரிமையாளர்கள் கேட்பதுண்டு. ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான இந்தியப் பெண்களில் 100-க்கு 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டின் அளவு இந்த தேசியச் சராசரியைவிட அதிகம். 2022-இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள். தீக்காயம்பட்டவர்கள், சிறுவயதில் சீண்டலுக்கு ஆளானவர்கள், 2004 சுனாமியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள், போரிலிருந்து தப்பி வந்து இங்கே முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்கள் என்று கணக்கு நீளும். இவர்களில் யாரும் ஜிம்மில் சேரும்போது காரணத்தைச் சொல்லமாட்டார்கள். ‘வெயிட் குறைக்கணும்’, ‘முதுகு வலி’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே யாருக்கு என்ன நடந்திருக்கும் என்று துருவிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வருகிற எல்லோரிடமும் ஒரே பக்குவத்தோடு நடந்துகொண்டால் போதும். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

யாழ்ப்பாணத்தில் மனநலத் துறையினர் இப்படி மனத்தில் பட்ட காயத்தை ‘மனவடு’ என்கிறார்கள். ஆறிய பின்னும் தழும்பாக நிற்பதைச் சொல்லும் அந்தச் சொல்லையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். அங்குள்ள மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் போர்க்காலத்திலேயே மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், ஜெபம் போன்ற நம் மக்களுக்குப் பழகிய முறைகளை மனவடுவுக்கான சிகிச்சையில் சேர்த்தார்கள். உடம்பின் வழியாக மனத்தை அணுகுவது நமக்குப் புதிதில்லை.

ஜிம் ஏன் இவர்களுக்குச் சிக்கலான இடமாகிறது என்பதை உடலியக்கத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆபத்து வந்தபோது உடம்பு என்ன செய்தது? இதயம் வேகமாக அடித்தது, மூச்சு வாங்கியது, வியர்த்தது, தொடையும் கையும் நடுங்கின. ட்ரெட்மில்லில் 6 நிமிடம் வேகமாக நடந்தாலும் இவற்றில் பலவும் நடக்கின்றன. மனவடு உள்ளவரின் உடம்புக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். படபடப்பு வந்ததும் ‘மறுபடி அதே ஆபத்து’ என்று உள்ளே மணி அடித்துவிடும். ஆனால் நன்மையும் இதே வழியாகத்தான் வருகிறது. இதயம் வேகமெடுத்து, எதுவும் நடக்காமல், இரண்டு நிமிடத்தில் தானே அடங்குவதை அந்த உடம்பு 20 முறை, 30 முறை உணர வேண்டும். அப்போது படபடப்புக்கும் ஆபத்துக்கும் இடையே விழுந்த முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதற்கு அளவு முக்கியம். பாதி அளவு போதும் என்கிற இடத்தில் முழு அளவைக் கொடுத்தால் முடிச்சு இன்னும் இறுகும்.

ஆய்வுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலமாக வேறு சிகிச்சைக்கு மசியாத மனவடு கொண்ட 64 பெண்கள் பங்கேற்றார்கள். வாரம் ஒரு மணி நேரம், 10 வாரம். யோகா செய்த 31 பேரில் 16 பேர், முடிவில் மனவடு நோய்க்கான (பிடிஎஸ்டி) வரையறைக்குள்ளேயே வரவில்லை. உடல்நலப் பாடம் மட்டும் கேட்ட 29 பேரில் அப்படி மீண்டவர்கள் 6 பேர். ஆஸ்திரேலியாவில் 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்திருந்த 81 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான சிகிச்சையோடு வாரத்துக்கு மூன்று முறை 30 நிமிட எடைப் பயிற்சியும், காலடி எண்ணும் கருவியை வைத்து நடைப் பயிற்சியும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு 12 வாரத்தில் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ‘வழக்கமான சிகிச்சையோடு’ என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சிகிச்சையை நிறுத்திவிட்டு டம்பெல் தூக்கச் சொன்ன ஆய்வு இல்லை இது.

இனி தொடுதல். எங்கள் கடிதத்தின் பெரும்பகுதியை இதற்கே கொடுக்கிறோம், ஏனென்றால் ஜிம்மில் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான்.

தொட்டுத் திருத்துவது நம் ஊர்ப் பயிற்சி முறையில் ஊறிப்போன பழக்கம். ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்பவரின் இடுப்பில் கை வைப்பது, புல்டவுன் கம்பியை மேலிருந்து கீழே இழுப்பவரின் தோள்பட்டைகளுக்கு நடுவே விரலால் தட்டுவது, ஸ்ட்ரெச்சிங் என்ற பெயரில் காலைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வது என்று எல்லாமே சர்வ சாதாரணம். நல்லெண்ணத்தோடு செய்பவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் மனவடு உள்ளவருக்குப் பின்னாலிருந்து வருகிற கை, யாருடைய கை என்பதற்கு முன்னால் வெறும் கையாகத்தான் வந்து சேர்கிறது. அவர் வாய்திறந்து மறுப்பார் என்றும் எதிர்பார்க்க முடியாது. அன்றைக்கு மறுத்தும் கேட்கப்படாதவர்களில் பலர், இன்று மறுக்கவே மாட்டார்கள், சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். எனவே மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளவே கூடாது. சேரும்போது ஒரு படிவத்தில் வாங்கிய கையெழுத்தும் போதாது. செவ்வாய்க்கிழமை சரி என்றவருக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று இருக்கலாம். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் பக்குவம் இருக்கிறது. ‘தொடலாமா?’ என்று மட்டும் கேட்டால், மறுப்பது பெரிய காரியமாகிவிடும். இரண்டு வழிகளை முன்னால் வைத்துக் கேட்டால் எதைச் சொன்னாலும் அது சாதாரணப் பதிலாக இருக்கும். ‘அக்கா, முதுகு கொஞ்சம் வளையுது. நான் செஞ்சு காட்டட்டுமா, இல்ல குச்சி வெச்சுப் பார்த்துக்கறீங்களா?’ என்று கேட்கலாம். அவராகவே ‘தொட்டுக் காட்டுங்க’ என்று சொன்னால், எந்த இடத்தில், எத்தனை நொடி என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து, புறங்கையால் தொடுவது நல்லது. பின்னாலிருந்து ஒருபோதும் வேண்டாம். சில ஜிம்களுக்கு அட்டை முறை பொருந்தும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு உள்ள அட்டையைத் தண்ணீர் பாட்டிலோடு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். சிவப்புப் பக்கம் மேலே இருந்தால் தொடுதல் இல்லை. காரணம் கேட்கக் கூடாது.

தொடாமலே திருத்துவதற்கு வழிகள் நிறைய உண்டு. நான்கடி நீளமுள்ள ஒரு பிவிசி குழாய் அல்லது துடைப்பக் குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு என்று மூன்று இடத்திலும் குச்சி பட்டுக்கொண்டே இருந்தால் குனிவது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் விலகினால் அவருக்கே தெரிந்துவிடும். ஸ்குவாட்டில் முட்டி உள்ளே சாய்ந்தால் முட்டிக்கு மேலே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, ‘பேண்டை வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே இருங்க’ என்றால் போதும். எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதற்குப் பின்னால் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி அல்லது பெஞ்சு வைத்துவிடலாம். முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்கில் இடுப்பு தொங்குகிறதா என்று பார்க்க அவரது கைபேசியிலேயே 10 நொடி எடுத்துக் காட்டி, அவர் கண்ணெதிரே அழித்துவிட வேண்டும். பயிற்சியாளரின் கைபேசியில் வேண்டவே வேண்டாம்.

எடை தூக்குபவருக்குக் காவலாகப் பக்கத்தில் நிற்கும் ஸ்பாட்டிங் தனிச் சிக்கல். பெஞ்ச் பிரஸ்ஸில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுபவரின் தலைக்கு மேலே ஒருவர் கால் விரித்து நின்று குனிந்து பார்ப்பதுதான் வழக்கமான நிலை. பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட ஒருவருக்கு அந்தக் காட்சி என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எடைக் கம்பியை வைக்கும் சட்டமான ராக்கில் பாதுகாப்புக் கம்பிகளை மார்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே பொருத்திவிட்டால் பார் கீழே வந்தாலும் கம்பி தாங்கிக்கொள்ளும், ஆள் தேவையில்லை. அதைவிட எளிது, தொடக்கத்தில் மல்லாந்து படுக்கும் பயிற்சிகளையே தவிர்ப்பது. நெஞ்சுக்குச் சுவர்த் தண்டால், பிறகு மேசை உயரத்தில் கை ஊன்றிய தண்டால், பிறகு நின்றபடி கேபிள் பிரஸ் என்று போகலாம். தசைக்கு எந்தக் குறையும் வராது. இடுப்பை மேலே உந்தும் ஹிப் த்ரஸ்ட், தொடையை விரித்துச் சேர்க்கும் மெஷின், குப்புறப் படுத்துச் செய்யும் லெக் கர்ல் ஆகியவற்றை ஜிம்மின் நடு மையத்தில், எல்லோர் பார்வையிலும் போட்டு வைப்பது தவறு. அவற்றை ஓரமாக, சுவரைப் பார்த்து இல்லாமல் சுவருக்கு முதுகு கொடுத்தபடி திருப்பி வையுங்கள். செலவில்லாமல் ஒரே நாளில் முடிகிற வேலை.

இடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் சில. வாசல் தெரியும்படி நிற்க இவர்கள் விரும்புவார்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள். பிளேட்டைத் தடாலென்று போடும் பழக்கம் விபத்திலோ குண்டுவீச்சிலோ சிக்கியவரைத் துள்ளி எழ வைக்கும். எடையைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் மேடைக்கு 20 மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு போட்டால் சத்தம் பெருமளவு அடங்கும். பாட்டின் ஒலி, பக்கத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் பேசினால் கேட்கும் அளவைத் தாண்டக் கூடாது. உறுப்பினர்களை வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் சேர்த்து எண்ணை ஊருக்கே காட்டுவதை நிறுத்துங்கள். ஒளிந்து வாழ வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அவர் எந்த ஜிம்மில், எந்த நேரத்தில் இருக்கிறார் என்பது வெளியே தெரிவது உயிருக்கே ஆபத்து. ‘முன்பு – பின்பு’ படங்களுக்கும் அதுவேதான்.

முதல் சந்திப்பில் ‘என்ன நடந்தது?’ என்ற கேள்வி வரவே கூடாது. பயிற்சிக்கு அந்தத் தகவல் தேவையில்லை. கேட்க வேண்டியவை வேறு: எந்த அசைவு அல்லது நிலை உங்களுக்குப் பிடிக்காது? யார் சொல்லிக் கொடுத்தால் வசதி? எந்த நேரத்தில் கூட்டம் குறைவாக இருந்தால் நல்லது? நிறுத்த வேண்டும் என்றால் எப்படிக் காட்டுவீர்கள், கையை உயர்த்துவீர்களா, பாட்டிலைக் கீழே வைப்பீர்களா? சாப்பிடும் மாத்திரைகள் என்ன? திடீரென்று முடியாமல் போனால் யாருக்குப் போன் செய்யலாம், யாருக்குச் செய்யவே கூடாது? கடைசிக் கேள்வியைப் படிவங்களில் நாங்கள் பார்ப்பதே இல்லை. அவசரத் தொடர்பு எண் என்ற இடத்தில் வழக்கமாகக் கணவர் பெயரை எழுதிவிடுகிறோம். சில வீடுகளில் அந்த எண்ணுக்குத்தான் பேசக் கூடாது. எடை பார்ப்பதும் இஞ்சு டேப் வைப்பதும் அன்றைக்கு வேண்டாம். அவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சித் திட்டத்தின் முதல் நான்கு வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். வாரம் 2 நாள், தலா 35 முதல் 40 நிமிடம். இரு நாளும் ஒரே வரிசை, ஒரே இடம், முடிந்தால் ஒரே பயிற்சியாளர். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதே பாதி மருந்து. வந்ததும் ஒரு நிமிடம் இன்றைய வரிசையைப் பலகையில் காட்டிவிடுங்கள். 6 நிமிடம் நடை. பிறகு நான்கே பயிற்சிகள்: பெட்டியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், சுவர்த் தண்டால், நின்றபடி பேண்டை நெஞ்சுக்கு இழுப்பது, இரு கையிலும் எடையைத் தூக்கிக்கொண்டு 15 மீட்டர் நடப்பது. ஒவ்வொன்றிலும் 2 செட்; முதல் மூன்றில் செட்டுக்கு 8 முதல் 10 முறை. இடையில் 60 முதல் 90 நொடி ஓய்வு. எடை தூக்கி நடப்பதை நாங்கள் விடாமல் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நிமிர்ந்து, கண் திறந்து, வாசலைப் பார்த்து, தன் பலத்தைத் தானே உணர்ந்து நடக்கிற பயிற்சி அது. குடம் தூக்கிப் பழகிய நம் பெண்களுக்குக் கற்றுத்தரவே வேண்டியதில்லை. இரண்டு கையிலும் 4 கிலோவில் தொடங்கினால் போதும்.

அளவை இதயத்துடிப்பை வைத்துக் கணக்கிடாமல், 0 முதல் 10 வரையான சிரம அளவுகோலில் அவரையே சொல்லச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 0, இதற்குமேல் முடியவே முடியாது என்பது 10. முதல் மாதம் 3-க்கும் 5-க்கும் நடுவே. முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணைச் சொல்லச் சொல்வதில் இன்னொரு பலனும் இருக்கிறது: தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவே அஞ்சியவர், ஒரு செட்டுக்கு ஒருமுறை இரண்டு நொடி உள்ளே பார்த்துவிட்டு வெளியே வருகிறார். ‘தெரியல’ என்று பதில் வந்தால் வற்புறுத்த வேண்டாம். அதுவும் ஒரு பதில்தான். அன்றைக்கு எடையைக் கூட்டக் கூடாது என்று அர்த்தம்.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: எடையை, அல்லது முறைகளின் எண்ணிக்கையை, அல்லது ஒரு புதிய பயிற்சியை. எடை கூட்டுவது 5 முதல் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியை எட்டாவது வாரம்போல, சைக்கிளில் 20 நொடி வேகம், 90 நொடி மெதுவாக என்று 4 சுற்று மட்டும் தொடங்கலாம். நிறுத்திய பிறகு 2 நிமிடத்தில் மூச்சு தணிகிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் அடுத்த முறை 2 சுற்று. இரவு தூக்கமில்லாமல் வருகிற நாட்கள் நிறைய இருக்கும். அன்றைக்கு ‘வீட்டுக்குப் போங்க’ என்று அனுப்பவும் வேண்டாம், முழுதாகச் செய்ய வைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட். வந்துபோனதே கணக்கு. கடைசி 8 நிமிடத்தை மெதுவான நடைக்கும் உட்கார்வதற்கும் ஒதுக்குங்கள். உச்சத்தில் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு அனுப்பக் கூடாது.

‘விட்றாதீங்க, இன்னும் ரெண்டு, வலிச்சாத்தான் பலன்’ என்ற கூச்சலை இவர்களிடம் அறவே விட்டுவிட வேண்டும். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தப்படாமல் போனதுதான் இவர்களில் பலருக்கு நேர்ந்தது. இங்கே ‘போதும்’ என்றவுடன் எடை கீழே இறங்க வேண்டும், பயிற்சியாளர் ‘சரி’ என்ற ஒரு சொல்லோடு நிற்க வேண்டும். எட்டாவது முறையில் நிறுத்தியவரைப் பத்து வரை இழுத்துக்கொண்டு போனால் தசைக்குக் கிடைக்கும் இரண்டு முறை லாபம் சொற்பம். தன் பேச்சுக்கு மதிப்பிருக்கிறது என்று அவர் அறிவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

நடுவில் ஏதாவது நேர்ந்தால் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று கண்ணுக்குத் தெரிகிற பதற்றம்: வேக மூச்சு, விரலிலும் உதட்டிலும் மரமரப்பு, அழுகை. மூச்சு அளவுக்கு மீறி வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் அந்த மரமரப்பு வருகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொன்னாலே சிலருக்குப் பயம் பாதி இறங்கும். மற்றொன்று, பயிற்சியாளர்கள் கவனிக்கத் தவறுவது: உறைதல். பார்வை ஒரே இடத்தில் நிற்கும், பதில் தாமதமாக வரும், எண்ணிக்கை தவறும், ஆனால் கை கால் இயந்திரம்போல வேலை செய்துகொண்டே இருக்கும். ‘இன்னிக்கு அமைதியா நல்லா பண்றாங்க’ என்று தோன்றும். அது நல்லது இல்லை.

இரண்டிலும் முதலில் எடையைப் பத்திரமாக இறக்க வேண்டும். பிறகு இரண்டடி தள்ளி, பக்கவாட்டில், அவர் உயரத்துக்கு இறங்கி உட்காருங்கள். தொடாதீர்கள். சுற்றி ஆள் கூடவிடாதீர்கள். பெயரைச் சொல்லி, ‘நீங்க ஜிம்ல இருக்கீங்க, மணி ஆறரை, கதவு திறந்திருக்கு’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லலாம். இரு உள்ளங்கையாலும் சுவரை 10 நொடி பலமாகத் தள்ளிவிட்டு விடச் சொல்வது, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும். உறைந்தவருக்கு உள்ளே போகச் சொல்வது உதவாது, வெளியே வர வழி காட்ட வேண்டும். மூச்சுப் பயிற்சி கொடுத்தால் 3 எண்ணி உள்ளே, 5 எண்ணி வெளியே. அடக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டாம். கழுத்து நெரிக்கப்பட்டவருக்கும் நீரில் மூழ்கித் தப்பியவருக்கும் மூச்சை நிறுத்துவது அந்த நிமிடத்துக்கே கொண்டுபோய்விடும். தெளிந்த பிறகு, தொடரலாமா, உட்கார்ந்திருக்கலாமா, வீட்டுக்குப் போகலாமா என்று அவரே முடிவெடுக்கட்டும். வீடு என்றால் எப்படிப் போவார் என்று கேளுங்கள். உறைந்து மீண்டவரை உடனே ஸ்கூட்டியில் ஏற விடாதீர்கள்; குறைந்தது 20 நிமிடம் உட்காரட்டும், இல்லையென்றால் ஆட்டோ.

யோகா வகுப்பு நடத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சவாசனத்தில் விளக்கை அணைத்துக் கண்ணை மூடச் சொல்வது, கபாலபாதியை வேகப்படுத்துவது, பின்னால் வந்து முதுகை அழுத்தி ஆசனத்தை ஆழமாக்குவது ஆகியவை யோகாவின் பெயரால் நடப்பதால் மட்டும் தீங்கில்லாததாகிவிடாது. கண்ணைத் திறந்து வைக்கலாம், உட்கார்ந்தபடியே ஓய்வெடுக்கலாம், எழுந்து போகலாம் என்று வகுப்பின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

உடல் காயத்தோடு வருபவர்களைப் பற்றிக் கொஞ்சம். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்த இடம் வியர்க்காது. உடம்பின் பெரும்பகுதி அப்படி இருந்தால் சூடு வெளியேற வழியின்றி எளிதில் உடல் கொதித்துவிடும். மின்விசிறி அருகில், காலை நேரத்தில், குறைந்த நேரமே பயிற்சி. இறுகிய தழும்பை இழுத்து நீட்டுவது இயன்முறை சிகிச்சையாளரின் வேலை, ஜிம்மில் யாரும் கை வைக்கக் கூடாது. கழுத்து நெரிக்கப்பட்டவருக்குக் குரல் கம்மல், விழுங்கச் சிரமம், புதுத் தலைவலி, ஒரு பக்கம் பலவீனம் என்று ஏதாவது இருந்தால், சம்பவம் நடந்து சில வாரம் ஆகியிருந்தாலும் எடையைத் தொடும் முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கழுத்து ரத்தக்குழாயில் கிழிசல் இருக்கலாம். மாத்திரைகளில் ப்ரொப்ரனலால் சாப்பிடுபவருக்கு இதயத்துடிப்பு வழக்கம்போல ஏறாது, ட்ரெட்மில் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. கெட்ட கனவுகளுக்கு ப்ராசோசின் சாப்பிடுபவருக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம், குறிப்பாக மருந்து தொடங்கிய நாட்களில். தரையில் படுத்து எழும் பயிற்சிகளை அப்போது தள்ளி வையுங்கள்.

கடைசியாக எல்லை. பயிற்சி நன்றாகப் போகும்போது ஒருநாள் அவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். கேளுங்கள், தோண்டாதீர்கள், தீர்வு சொல்லாதீர்கள். ‘சொன்னதுக்கு நன்றி. இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க, விவரம் தரட்டுமா?’ என்பதோடு நிறுத்துங்கள். மனவடுவை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் கண்ணசைவின் துணையோடு நினைவுகளைக் கையாளும் இஎம்டிஆர் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்துள்ளது. நம் கையில் உள்ள டம்பெல் அவற்றுக்குப் பக்கத்துணைதான். அவர் சொன்னதை வெளியே சொல்லாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் இரகசியக் காப்புக் கடமை மருத்துவத் துறையினரைத்தான் கட்டும், ஜிம் பயிற்சியாளரைக் கட்டாது. ஆகவே அதை ஜிம்மின் விதியாகவே எழுதி, பணியாளர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் 18 வயது நிறையாத ஒருவர் பாலியல் குற்றம் பற்றிச் சொன்னால், 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சொல்லு’ என்று ஒரு சிறுமிக்கோ சிறுவனுக்கோ வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பயிற்சி பிடித்துப்போய் தினமும் இரண்டு வேளை வருவது, அடிபட்டாலும் நிறுத்தாதது, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது. பார்ப்பவர்கள் ‘என்ன ஒரு வைராக்கியம்’ என்பார்கள். நினைவிலிருந்து ஓடுவதற்கு ட்ரெட்மில்லைப் பயன்படுத்துகிறார் என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். வாரத்துக்கு 4 நாள் என்று திட்டத்திலேயே வரம்பு போட்டு, ஓய்வு நாளையும் பலகையில் ஒரு பயிற்சியாகவே எழுதிக் கொடுங்கள்.

ஜிம் உரிமையாளர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய முதலீடு ஒன்றுமில்லை. கேட்காமல் தொடமாட்டோம் என்ற அறிவிப்பைத் தமிழில், வாசலில், கண்மட்டத்தில் மாட்டுங்கள். புகார் செய்ய வேண்டியவரின் பெயரையும் எண்ணையும் அதிலேயே எழுதுங்கள். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்ற தகவலும் அங்கே இருக்கட்டும். கழிவறைக் கதவின் உட்பக்கத்தில், யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளும்படி நான்கு எண்களை ஒட்டி வையுங்கள்: மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. டெலி-மானஸ் எண்ணில் இரவிலும் ஆள் இருப்பார்கள், தமிழில் பேசலாம்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிப் பயிற்சியாளர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள் சிலர்,
மதுரை.